பெட்ரோல் டேங்கில் நுரை: வாசகர் கேள்விகள்

20 மீட்டர் விட்டம், கூம்புக் கூரை, பெட்ரோல். தீயணைக்க ஃபோம் காம்பவுண்ட் (தண்ணீரில் கலந்து நுரையாக்கும் மூலத் திரவம்) எவ்வளவு வேண்டும்?

மேற்பரப்பு 314 சதுர மீட்டர். ஃபோம் சேம்பர் (டேங்க் சுவரின் மேல்பகுதியில் நுரையை உள்ளே விடும் பெட்டி) வைத்தால், அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 11 படி சதுர மீட்டருக்கு நிமிடம் 4.1 லிட்டர், 55 நிமிடம். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1,290 லிட்டர் கரைசல் (தண்ணீரும் காம்பவுண்டும் சேர்ந்தது). 3 சதவீத காம்பவுண்ட் என்றால் மொத்தம் 2,130 லிட்டர். நம் நாட்டு எண்ணெய்த் துறைப் பாதுகாப்புத் தரமான ஓ.ஐ.எஸ்.டி. 117 சதுர மீட்டருக்கு நிமிடம் 5 லிட்டர் கேட்கிறது, இந்தியாவில் டிப்போ கட்டுகிறீர்கள் என்றால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டேங்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரான டைக்குக்குள் சிந்தியதை அணைக்கும் ஹோஸ் லைனுக்கும், குழாயை நிரப்பப் போகிற கரைசலுக்கும் தனியாகச் சேருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

மிதக்கும் கூரை டேங்குக்கும் முழுப் பரப்பையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

வேண்டாம், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விளிம்பு சீல் மட்டும் போதும்: ஃபோம் டேமுக்கும் (கூரையில் நுரையைத் தேக்கும் தடுப்பு) டேங்க் சுவருக்கும் நடுவிலுள்ள வளையத்துக்கு சதுர மீட்டருக்கு நிமிடம் 12.2 லிட்டர், 20 நிமிடம். ஆனால் கூரை மூழ்கினால் இந்தக் கணக்கு முழுசாகச் செல்லாது. 2001 ஜூனில் அமெரிக்காவின் லூசியானா மாநில நார்கோவில் கனமழையில் கூரை சாய்ந்து, மின்னல் விழுந்து, 82 மீட்டர் டேங்க் முழுப்பரப்பும் எரிந்தது. பெரிய மானிட்டர்களை (தூரத்திலிருந்து நுரையைப் பீய்ச்சும் பீரங்கிகள்) கொண்டுவந்து நிறுத்தி, போதுமான காம்பவுண்ட் சேர்ந்த பிறகுதான் அடிக்கத் தொடங்கினார்கள், 65 நிமிடத்தில் அணைந்தது. அரைகுறை அளவில் அடித்தால் நுரை தீயிலேயே கரைந்து போகும், காம்பவுண்டும் வீண். அதனால் கூரையின் மழைநீர் வடிகாலை நான் தீயணைப்புக் கருவியாகவே பார்க்கிறேன்.

எத்தனால் டேங்குக்கும் அதே ஃபோம் போதாதா?

போதாது. இதில் சமரசமே கூடாது. எத்தனால் நுரைக் குமிழிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சாதாரண நுரை விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். ஆல்கஹால் தாங்கும் வகையில் ஒரு பாலிமர் இருக்கிறது, அது எத்தனால் மேல் மெல்லிய ஏடாகப் படிந்து நுரையைத் தாங்குகிறது. அந்த ஏடு உருவாக நுரை சுவரோரமாக மெதுவாக வழிய வேண்டும். மானிட்டரால் நடுவில் குத்தினால் பயனில்லை. 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலையும் இதே கண்ணோடு பாருங்கள், இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) டேங்க் வைத்திருப்பவர்கள் பழைய காம்பவுண்ட் என்ன வகை என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

பழைய பிளாடர் டேங்கில் (காம்பவுண்டை ஒரு பைக்குள் வைத்திருக்கும் கலன்) ஃப்ளோரின் இல்லாத ஃபோமை அப்படியே ஊற்றலாமா?

கூடாது. அதன் பிசுபிசுப்பு வேறு, காம்பவுண்டைத் தண்ணீரில் கலக்கும் புரபோர்ஷனர் சரியாகக் கலக்காது, அளவு வீதமும் மாறலாம். தயாரிப்பாளரின் அங்கீகாரச் சான்றைப் பார்த்து முழு சிஸ்டத்தையும் மறுபடி கணக்கிடுங்கள்.

டேங்குக்குள் நுரை விழாமல் சோதிப்பது எப்படி?

பெரும்பாலான சேம்பர்களில் நுரையைச் சுவரோரமாகத் திருப்பும் டிஃப்ளெக்டரைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திருப்பலாம். ஒரு டிப்போவில் அப்படிச் சோதித்தபோது ஐந்து சேம்பரில் நாலில் நுரை வந்தது, ஐந்தாவதில் வெறும் தண்ணீர் மாதிரிக் கரைசல் கொட்டியது. காற்று நுழையும் வலையைக் கழற்றினால் உள்ளே விரல் தடிமனுக்குக் குளவி மண்கூடு! காற்று இல்லாமல் நுரை எப்படி வரும்? கணக்குத் தாளில் அந்த சேம்பர் பத்து வருடமாகச் சரியாகத்தான் இருந்தது. சோதனை முடிந்ததும் சேம்பரில் ஆவியைத் தடுக்கும் கண்ணாடி சீலைப் புதிதாக மாட்டுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் ஆவி அந்தக் குழாய் வழியாகவே வெளியே வரும்.