மூன்றாம் வரியில் என்ன படித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடித்தளத்தில், கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதைப் படமெடுத்துக் கல்வெட்டு அறிந்த ஆறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில் என்ன எழுதியிருக்கிறது? அவசரம்" என்று கேட்டேன். நால்வரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் "முழுப் படம் அனுப்புங்கள்" என்றார். இன்னொருவர் "நீங்கள் முயன்று பார்த்தீர்களா?" என்று கடிந்துகொண்டார். அறிந்தவர்களுக்கு இவ்வளவு கர்வம் ஏன்? எப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும்? அந்தப் படத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று, பரணில் இருந்து இறக்கிய ஒரு பழைய நோட்டு என் மேசைமேல் கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கர்வத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிடுவோம். ஆறு பேரில் இருவர் தம் வேலையை ஒதுக்கி வைத்து உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். முழுப் படம் கேட்டவருக்கு நீங்கள் மறுமொழி அனுப்பியதாகக் கடிதத்தில் இல்லை. முதலில் அவருக்கு எழுதுங்கள். "அவசரம்" என்ற சொல்லும் வேண்டாம். திருப்பணிக்காக அந்தக் கல்லைப் பெயர்க்கப் போகிறார்கள் என்றால் அது உண்மையான அவசரம். அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால், பல நூற்றாண்டுகளாக அங்கேயே இருக்கும் கல் இன்னும் ஒரு வாரம் இருக்கும்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். உச்சி வெயிலில் நேருக்கு நேர் நின்று எடுத்திருக்கிறீர்கள். வெட்டெழுத்தில் நிழல் விழுந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வரிகளின் இறுதி படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஊர் எது, வட்டம் எது, கருவறையின் வடபுறமா தென்புறமா என்ற குறிப்பு ஒன்றும் இல்லை. ஊர்ப்பெயர் இருந்தால், 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளிலோ அது முன்பே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நீங்களே பார்த்திருக்கலாம். உங்களுக்கு அரை மணி நேரம் ஆகக்கூடிய வேலையை ஆறு பேர் தனித்தனியே செய்ய வேண்டும் என்று, அதுவும் ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்களின் நேரத்தை மதிப்பதாகாது.

இவையெல்லாம் எளிதில் திருத்திக்கொள்ளக் கூடியவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

இருபத்திரண்டு வயதில், ஒரு கோயில் சுவரில் இருந்த பதினைந்து வரிகளைப் பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டு, ஓய்வு பெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவரின் வீட்டுக்குப் பேருந்து ஏறிச் சென்றேன். நோட்டை நீட்டி, "ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "நீ என்ன படித்தாய், தம்பி?" என்று கேட்டார். நான் படித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது தவறாக இருந்தால் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் விடவில்லை. கடைசியில், "'சரவர மூவர' என்று இருக்கிறது ஐயா; கொடை கொடுத்த மூன்று பேரைச் சொல்கிறது போலும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பென்சிலை வாங்கி, நோட்டின் ஓரத்தில் ஒற்றைக் கோடு ஒன்றை இழுத்தார். "இதுதான் ரகரம், இதுதான் துணைக்கால். பழைய எழுத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். புள்ளியும் அரிதாகத்தான் இருக்கும். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இப்போது மறுபடி படி" என்றார். படித்தேன்: சாவா மூவா. அதன்பின் தானாகவே வந்தது: சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய யாரோ தொண்ணூறு ஆடுகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். சாகிற ஆட்டுக்கும் மூப்படைகிற ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து நிற்பதால், கணக்கில் அந்தத் தொண்ணூறு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. மிச்சமிருந்த வரிகளை அவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே படித்தேன். என் மேசைமேல் கிடக்கும் நோட்டு அதுதான். ஓரத்தில் அவர் இழுத்த கோடு இன்னும் அழியவில்லை.

"இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டதோடு நான் நின்றிருந்தால், எனக்குத் தெரியாதது எது என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இருந்திருக்காது. என் பிழைதான் அவருக்கு முடிச்சு இருந்த இடத்தைக் காட்டியது. எதையும் சொல்லாமல் வந்து நிற்பவருக்கு உதவ வேண்டுமானால் முழுப் பாரத்தையும் உதவுபவரே தூக்க வேண்டும். அதற்கு எவருக்கும் தயக்கம் வரும். "இந்த இடம்வரை வந்தேன், இப்படிப் படித்தேன், இதற்குமேல் போகவில்லை" என்று ஒருவர் எழுதினால், அந்தத் துறையை நேசிப்பவரால் சும்மா இருக்க முடியாது. தவறான வாசிப்பைக் கண்டதும் திருத்தத்தான் கை போகும். இதை உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். தவறாகப் படித்ததை மறைக்காதீர்கள். தேடிப் பார்த்து ஏமாந்ததை மறைக்காதீர்கள். முயன்று பார்த்தீர்களா என்று அந்த ஆறு பேரில் ஒருவர் கேட்டதை நீங்கள் கடிந்ததாக எடுத்துக்கொண்டீர்கள். என்னிடம் அன்று அந்தப் பெரியவர் கேட்டதும் அதே கேள்விதான்.

நீங்கள் முயன்றிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். படத்தின் கீழ் ஓரத்தில், கல்லின்மேல் வைத்த நோட்டுத் தாள் ஒன்றின் மூலை தெரிகிறது. அதில் பென்சிலால் எழுதி, அடித்து, மறுபடி எழுதிய எழுத்துகள் இருக்கின்றன. ஆறு பேருக்கும் அனுப்பியிருக்க வேண்டியது அந்தத் தாள்.

மூன்றாம் வரியில், அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் "யாண்டு" என்ற சொல் எனக்குத் தெரிகிறது; அதை அடுத்து வரும் எண் படத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. யாண்டுக்கு முன்னால் இருப்பதை நீங்கள் எப்படிப் படித்தீர்கள், சோழ அரசர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்களில் பரகேசரி என்றா, இராசகேசரி என்றா? கல்லில் மாவோ சுண்ணாம்போ பூசாமல் நாளைக் காலை முழு வரியையும் மறுபடி படமெடுத்து, அடித்தல் திருத்தலோடு அந்தத் தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.