குலுக்கலில் தானாகத் திறந்துகொள்ளும் சமையல் டிராயர்

வணக்கம். உங்கள் டிரெய்லருக்காக 18 மி.மீ. பிளைவுட்டில் நீங்கள் செய்த சமையல் டிராயர், முதல் கரடுமுரடு பயணத்திலேயே தானாக வெளியே வந்து, அது சறுக்கி நகரும் இரும்பு ரெயிலை வளைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பார்த்துப் பார்த்துச் செய்தது அப்படி ஆனால் மனசு வலிக்கும்.

ரெயில் மட்டமான சரக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும் எடை பெரும்பாலும் அசையாத இடத்தில், சமமாகப் பரவிய சுமைக்கானது. டிரெய்லர் குழியில் விழுந்து எழும்போது டிராயரில் இருக்கும் அதே எடை பல மடங்காக அடிக்கும். டிராயரின் மொத்த எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்குகிற, உள்ளே தள்ளினாலும் முழுக்க வெளியே இழுத்தாலும் பூட்டிக்கொள்கிற ரெயிலாக வாங்குங்கள். முன்பக்கம் தனியாக ஒரு தாழ்ப்பாளும் கட்டாயம் வேண்டும்.

மர ஸ்க்ரூ வேண்டாம், அதிர்வில் கழன்றுகொண்டே இருக்கும். போல்ட், அகலமான வாஷர், நைலான் வைத்த நட் போடுங்கள். மூலைகளில் பசையும் சேர்த்தால் 12 மி.மீ. பலகையே போதும், பலகை எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். தண்ணீர் கேனையும் டிராயரிலிருந்து எடுத்துவிடுங்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ! அதன் இடம் டிரெய்லர் அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக.

அப்புறம், கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் படுக்க வைத்திருப்பதாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில் தேங்கிவிடும். சிலிண்டரை வெளியே நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு முறை அடுப்பு பற்றவைக்கும் முன்பும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.