செம்பனை ஆலை அலுவலக ஃபயர்வாலில் லாகின் எச்சரிக்கை வைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை அலுவலகம், ஃபோர்ட்டிகேட் ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் கருவி), அதில் நுழைபவர் திரையில் தெரியும் லாகின் எச்சரிக்கை வாசகம் வேண்டுமென்று ஆடிட்டர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அமைப்பது ஐந்து நிமிட வேலை. எதை, எங்கே எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஃபோர்ட்டிகேட்டில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாஸ்வர்டு கொடுப்பதற்கு முன் வருவது ஒன்று, உள்ளே நுழைந்ததும் வருவது இன்னொன்று. வாங்கி வரும்போது இரண்டும் அணைந்தே இருக்கும். முதலில் கான்ஃபிக்கை பேக்கப் எடுங்கள். பிறகு சிஎல்ஐயில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ‘கான்ஃபிக் சிஸ்டம் குளோபல்’, ‘செட் ப்ரீ-லாகின்-பேனர் எனேபிள்’, ‘எண்ட்’. ஒரே ஃபயர்வாலை விடோம் எனப்படும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தால் அதற்கு முன் ‘கான்ஃபிக் குளோபல்’ போட வேண்டும்.

வாசகத்தை மாற்ற சிஸ்டம் மெனுவில் ரிப்ளேஸ்மென்ட் மெசேஜஸ் பக்கத்துக்குப் போய், மேலே எக்ஸ்டெண்டட் வியூவைத் தேர்ந்தெடுங்கள். சிம்பிள் வியூவில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பிரிவில் ப்ரீ-லாகின் டிஸ்கிளெய்மர் இருக்கும். ஆதென்டிகேஷன் பிரிவிலும் டிஸ்கிளெய்மர் என்று ஒன்று உண்டு. அது இன்டர்நெட் பயன்படுத்தும் ஊழியர்களுக்கானது. அதைத் திருத்திவிட்டு ‘மாறவே இல்லையே’ என்று கேட்பவர்கள் நிறைய.

லாகினுக்குப் பின் வருவதை, ஆடிட்டர் வற்புறுத்தினால் ஒழிய, நான் போடமாட்டேன். எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளைத் திரைக்குள் நுழையும் வழி) அது ‘ஏ’ எழுத்தை அழுத்தச் சொல்லிக் காத்து நிற்கும். இரவில் தானாக கான்ஃபிக் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது, அப்படியே தொங்கிவிடும். பேக்கப் நின்றுபோனது ஃபயர்வால் பழுதாகும் அன்றுதான் வெளியே வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்கிரிப்டிலும் அந்த எழுத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

லாகினுக்கு முன் வரும் எச்சரிக்கைக்கு எடை சட்டத்திலிருந்து வருகிறது. மலேசியக் கணினிக் குற்றச் சட்டம் 1997, 3-ஆம் பிரிவின்படி அனுமதியின்றி நுழைந்தது குற்றமாக, தனக்கு அனுமதி இல்லை என்பது நுழைந்தவருக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டத்து எல்லையில் ‘டிலாராங் மாசோக்’ (நுழையத் தடை) பலகை நட்டிருப்பது மாதிரிதான்: ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடம் குறையும்.

வாசகம் நான்கு வரி போதும்: இது தனியார் கணினி அமைப்பு, அனுமதி பெற்றவர் மட்டுமே நுழையலாம், இங்கே செய்வதெல்லாம் பதிவாகிறது, மீறினால் 1997 சட்டப்படி நடவடிக்கை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ் சேர்க்க ஆசைதான், ஆனால் கன்சோல் கேபிளில் பார்த்தால் எழுத்து சிதையக்கூடும். எச்டிஎம்எல் டேக் வேண்டாம். ஆலையின் பெயர், ஃபயர்வால் மாடல், வெர்ஷன் எதுவும் வேண்டாம். திருடனுக்கு விலாசம் கொடுத்த கதையாகும். ‘செலாமட் டத்தாங்’ வரவேற்பும் வேண்டாம். பதிவாகிறது என்று எழுதினால் லாக் உண்மையிலேயே எங்காவது சேமிக்கப்பட வேண்டும், ஆடிட்டர் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

சோதிக்கும்போது இப்போதுள்ள செஷனை மூடாமல், பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் ஒருமுறை, எஸ்எஸ்எச்சில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அப்படியே வேன் இன்டர்ஃபேஸில் (இன்டர்நெட் பக்கம் உள்ள இணைப்பு) எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் அட்மின் அக்சஸ் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்திருந்தால் மூடுங்கள், அட்மின் கணக்குக்கு டிரஸ்டட் ஹோஸ்ட் (எந்த முகவரிகளிலிருந்து மட்டும் நுழையலாம் என்ற பட்டியல்) போடுங்கள். எச்சரிக்கை வாசகம் யாரையும் தடுக்காது.