வாயைத் திறந்து யோசி, தம்பி

தம்பி, பாலக்கோட்டிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். டப்ளினில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டாய்; அடுத்த வாரம் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் நான்கு சுற்றுகள். "தமிழ்வழியில் படித்தவன், ஆங்கிலம் தடுமாறும். இன்னும் எத்தனை நிரல் கணக்குகள் போட்டுப் பழக வேண்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். போட்ட கணக்குகள் போதும். இனி நீ பழக வேண்டியது பேச்சு.

நானும் காவேரிப்பட்டணத்தில் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். என் முதல் நேர்முகத் தேர்வில் கேள்வியைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நிரலை முழுவதுமாக எழுதிக் காட்டினேன், சரியாகவே ஓடியது. நான்காம் நாள் 'இல்லை' என்று பதில் வந்தது. அன்று அழுதேன். காரணம் புரிய ஒரு வருடம் ஆனது.

நம் வகுப்பில் விடை உறுதியாகத் தெரிந்தால்தான் வாயைத் திறப்போம். அங்கே நேர்மாறு. எதிரே இருப்பவர் நீ பேசுவதைத் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். கூகுளில் அவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவரும் மற்றவர்களும் எழுதித் தரும் குறிப்புகளைப் படித்து, உன்னைப் பார்த்தே இராத ஒரு குழு முடிவு செய்கிறது. நீ மௌனமாக இருந்தால் அந்தக் குறிப்பில் அவர் எதை எழுதுவார்?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள். 1–4, 3–6, 8–10 என்று சில நேர இடைவெளிகள். ஒன்றோடொன்று மோதுபவற்றைச் சேர்க்க வேண்டும். விடை 1–6, 8–10. உடனே எழுத உட்காராதே. "ஒன்று 4-இல் முடிந்து மற்றது 4-இல் தொடங்கினால் சேர்க்கலாமா? பட்டியல் காலியாக இருக்குமா?" என்று முதலில் கேள். அடுத்து மெதுவான வழியைச் சொல்: ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுவது, ஆயிரம் இடைவெளிகள் இருந்தால் ஒருமுறை ஒப்பிடவே ஏறக்குறைய 5 லட்சம் தடவை. பிறகு, தொடக்க நேரப்படி வரிசைப்படுத்திவிட்டால் ஒரே நடையில் முடியும் என்று சொல்லி அதை எழுது. எழுதியதும் 1–10, 2–3 என்று கொடுத்துப் பார். இரண்டு முடிவு நேரங்களில் பெரியதை வைத்துக்கொள்ள மறந்திருந்தால் தவறு அங்கே அகப்படும். அந்தத் தவறை நீயே கண்டுபிடித்துச் சொல்வது உனக்கு நல்லது.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. நான் தமிழில்தான் பழகினேன். அப்பா மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டே போடுவேன். நான் நின்றுவிட்டால், கை ஓயாமலே, "அப்புறம்?" என்பார். யோசனையும் வாயும் சேர்ந்து நடக்கப் பழகிய பிறகு ஆங்கிலத்துக்கு மாறினேன். உன்னிடம் கேள்வி கேட்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் இருக்கலாம்.

பழைய வேலையைப் பற்றிக் கேட்கும் சுற்றில் நம்மவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். 'நான்' என்றால் தற்பெருமையாகத் தோன்றும். ஆனால் அவர்களுக்கு உன் பங்கு மட்டும் தெரிய வேண்டும். அமேசானில் 16 தலைமைக் கோட்பாடுகள் இருக்கின்றன, அவற்றை ஒட்டியே கேட்பார்கள். தேர்வின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேறு குழுவிலிருந்து வரும் 'பார் ரெய்சர்' ஒருவர் மறுத்தால் வேலை கிடைப்பது கடினம். நீ செய்த நான்கைந்து வேலைகளை, தோற்றுப்போன ஒன்றையும் சேர்த்து, 'நான்' என்று சொல்லிப் பழகு.

நேரத்தைச் சரிபார்த்துக்கொள். டப்ளினில் மதியம் 2 மணி என்றால் கோடையில் உனக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மின்சாரம் போகும் என்ற பயம் இருந்தால் ஓசூரில் நண்பன் அறைக்குப் போய்விடு.

வேலை கிடைத்தால், கையெழுத்திடும் முன் முதல் மாதம் தங்க இடம் தருவார்களா என்று கேள். டப்ளினில் வீடு கிடைப்பது அவ்வளவு சிரமம். வேலை கிடைக்காவிட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி முயலலாம். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

சனிக்கிழமை இரவு உன் நேரப்படி 8 மணிக்கு அழைக்கிறேன். நான் கேள்வி கேட்கிறேன், நீ பேசு. தமிழிலேயே ஆரம்பிப்போம்.