வெள்ளி நிற மிக்-21, கார்த்திகை மழை, கறுப்பு பெயிண்ட்: வாசகர் கேள்வி-பதில்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு நம் விமானப்படை விடைகொடுத்தது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஏராளமானவை அந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாடலைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழுக்க மிக்-21தான். கார், கப்பல் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: இதுவரை மாடல் கிட் எதுவும் செய்ததில்லை. மிக்-21 செய்ய ஆசை. 1/72 வாங்கவா, 1/48 வாங்கவா? — வாசகர், கோவை

நிஜ விமானம் சுமார் பதினாலரை மீட்டர் நீளம், இறக்கை முனையிலிருந்து முனைக்கு ஏழு மீட்டர் சொச்சம். 1/72-ல் அது 20 செ.மீ. நீளத்துக்குச் சுருங்கும், 1/48-ல் 30 செ.மீ. வரும். முதல் கிட்டுக்கு என் ஓட்டு 1/72-க்கு. விலை குறைவு, கெட்டுப்போனால் வயிறு எரியாது, அலமாரியிலும் இடம் மிச்சம். ஆனால் கண்ணாடி போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும் என்கிற வயதென்றால் யோசிக்காமல் 1/48-க்குப் போய்விடுங்கள்.

அளவைவிட முக்கியமானது எந்த மிக்-21 என்பது. 1963-லிருந்து அறுபது வருஷத்துக்கு மேல் நம்மிடம் பறந்த விமானம் இது, பல ரகங்கள் வந்து போயிருக்கின்றன. 1971 போரில் பறந்த எஃப்.எல். ரகத்துக்கு உடம்புக்குள் பீரங்கி கிடையாது, தேவைப்பட்டால் வயிற்றுக்கடியில் தனிப் பெட்டியாக மாட்டுவார்கள், இறக்கைக்கு ஒரு ஆயுதத் தாங்கிதான். பின்னால் வந்த பிஸ் ரகத்தில் பீரங்கி உள்ளேயே இருக்கும், இறக்கைக்கு இரண்டு தாங்கி, முதுகும் தடித்துப் புடைத்திருக்கும். பிஸ் கிட்டை வாங்கி அதில் 1971 டிசம்பர் 14-ல் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய விமானத்தின் எண்ணை ஒட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வரும் வரைதான் நிம்மதி. முதலில் ஒரு குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைப் பிடியுங்கள், கிட்டை அப்புறம் தேடலாம். செக் நாட்டு எடுவார்ட் கம்பெனியின் கிட்டுகள் இரண்டு அளவிலும் உண்டு, பாகங்கள் நன்றாகப் பொருந்தும். ரஷ்யாவின் ஸ்வெஸ்டா 1/72-ல் பிஸ் ரகத்தைப் போட்டிருக்கிறது.

கே: உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் நண்பர். — வாசகர், திருச்சி

மறையாது. இன்னும் நன்றாகத் தெரியும், அதுவும் வெள்ளி நிறம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் மாடலுக்கென்று விற்கும் நீர்த்த சிமென்ட் வெறும் பசை இல்லை, மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அது உருக்கி ஒன்றாக்குகிறது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடும். பிறகு லேசாக அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாகப் பிதுங்கி வரும், அப்படி வந்தால்தான் நல்லது. ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு வரம்பைச் சுரண்டி எடுத்து, 400, 800, 1500 எண் உப்புத்தாளை வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பள்ளம் மிச்சமிருந்தால் சுவருக்குப் பார்ப்பதுபோல இதற்கும் பட்டி பார்க்க வேண்டியதுதான். ஃபெவிக்விக் வைத்தும் நிரப்பலாம், ஆனால் சீக்கிரமே தேய்த்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து பசை மட்டும் மேடாக நிற்கும். கடைசியாகச் சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் அடித்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் மறுபடி உப்புத்தாள். இந்த இடத்தில் பொறுமை போனால் பின்னால் எந்த பெயிண்டும் காப்பாற்றாது.

கே: மிக்-21 எஃப்.எல்.லுக்கு ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கருவி) வெள்ளி அடித்து அதன்மேல் கிளியர் லேக்கர் (நிறமில்லாத, சீக்கிரம் காயும் பூச்சு) அடித்தேன். அடித்த சில நிமிஷத்தில் பால் ஊற்றினதுபோல வெள்ளைப் படலம். தின்னர் போலியா? — வாசகர், வேளச்சேரி

எந்த மாதத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் நவம்பர் என்று பந்தயமே கட்டுவேன். தின்னரைத் திட்டாதீர்கள். லேக்கரில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகிறது, ஆவியாகும்போது பெயிண்ட் பரப்பைக் குளிர்விக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்மேல் ஈரம் பூப்பது மாதிரி, காற்றிலிருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த ஈரம்தான் உங்கள் பால் நிறம்.

செய்ததை மீட்க வழி இருக்கிறது. மழை விட்டு வெயில் அடிக்கிற ஒரு நாளில், மெதுவாக உலரும் தின்னரை (கடையில் லெவலிங் தின்னர் அல்லது ரிடார்டர் என்று கேளுங்கள்) தனியாக, தூறல் மாதிரி மெல்லிசாக அடித்தால் படலம் திரும்ப இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள், அடியில் இருக்கும் வெள்ளியும் கரைந்து வந்துவிடும். இனிமேல் அடிக்கும்போது அந்தத் தின்னரையே கலந்து அடியுங்கள், ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரஸரின் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றை மாட்டுங்கள், காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சுவரில் தொங்கவிடுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் கம்ப்ரஸரைத் தொடுவதில்லை, அன்றைக்குச் சக்கரத்துக்குப் பிரஷ்ஷில் கறுப்பு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏ.சி. அறைக்குள் அடிக்கலாமே என்று தோன்றும். அந்த ஆவி அறைக்குள்ளேயே சுற்றும், வெளியே தள்ளும் ஃபேன் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

வெள்ளி பற்றியும் ரெண்டு வார்த்தை. உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால் அடியில் வழவழப்பான கறுப்பு வேண்டும். பளபள கறுப்பு பெயிண்டை அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஆல்கிளாட் மாதிரியான உலோக லேக்கரை 12-15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், பல மெல்லிய கோட்டாக அடியுங்கள், கறுப்பு முழுக்க மறையும் முன்பே நிறுத்திவிடலாம். உடம்பு முழுக்க ஒரே வெள்ளியாக விட்டால் எவர்சில்வர் சொம்பு கணக்காக இருக்கும். நிஜத்தில் தகட்டுக்குத் தகடு நிறம் மாறும், எஞ்சின் வாயைச் சுற்றி வெந்து கறுத்திருக்கும். ஒட்டும் டேப்பைப் போடுவதற்கு முன் உள்ளங்கையில் ரெண்டு தடவை ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளி டேப்போடு வந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் வெள்ளி சரியாக வரவில்லையா? வரலாறு கைகொடுக்கும். 1971-ல் நம் எஃப்.எல். விமானங்கள் பலவற்றுக்கு அந்தந்தத் தளத்திலேயே அவசர அவசரமாகப் பச்சையைப் பூசினார்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. உங்கள் வெள்ளியில் எங்கே பிசிறு இருக்கிறதோ அங்கே பச்சை வருகிற புகைப்படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன்.

கே: காக்பிட்டுக்கு என்ன நிறம்? — வாசகர், மதுரை

கண்ணைப் பறிக்கிற நீலப்பச்சை. சோவியத் விமானங்களுக்கே உரிய நிறம், முதலில் பார்க்கும்போது தப்பாக அடித்துவிட்டோமோ என்றுதான் தோன்றும். சக்கரத்தின் நடு வட்டும் பச்சைதான், ஆனால் அது வேறு பச்சை.

கே: டீகால் (எண், எழுத்து, சின்னம் அச்சடித்த மெல்லிய படலம்) ஒட்டிக் காய்ந்த பிறகு, எழுத்தைச் சுற்றியிருக்கும் தெளிவான ஓரம் மட்டும் வெள்ளியாக மினுங்குகிறது. — வாசகர், சேலம்

மேட், அதாவது பளபளப்பில்லாத பெயிண்டின்மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறீர்கள். மேட் பரப்பு நுணுக்கிப் பார்த்தால் கரடுமுரடு, டீகாலுக்கும் அதற்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, மினுங்குவது அந்தக் காற்று. முதலில் பளபளப்பான கிளியர் கோட் அடித்து, அதன்மேல் டீகாலைத் தண்ணீரில் நனைத்து வைத்து, டீகாலை இளக்கும் திரவத்தைத் தொட்டு விட்டு, எல்லாம் முடிந்த பிறகு மேட் அடிப்பதுதான் முறை. இளக்கும் திரவம் பட்டதும் டீகால் சுருங்கிப் பயமுறுத்தும், கை வைக்காதீர்கள், தானே படியும். இப்போது ஒட்டியதற்கு, மினுங்கும் இடத்தில் ஊசியால் நாலைந்து குத்து குத்தி அதே திரவத்தை விட்டுப் பாருங்கள்.

கே: பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு படுக்கையறை ஃபிளாட். பெயிண்ட் வாசனையை நினைத்தால் பயமாக இருக்கிறது, தடுக்கவும் மனசில்லை. — ஒரு அம்மா, தாம்பரம்

தடுக்காதீர்கள் அம்மா. ஏர்பிரஷும் லேக்கரும் இப்போதைக்கு வேண்டாம், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டும் ரெண்டு நல்ல பிரஷ்ஷும் போதும். குப்பியில் அக்ரிலிக் என்று போட்டிருந்தாலும் சில கம்பெனிகளுடையதில் ஆல்கஹால் உண்டு, மூடியைத் திறந்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். ஒட்டும் சிமென்ட்டை ஜன்னல் பக்கத்தில் வைத்து, நீங்கள் கூட இருக்கும்போது பயன்படுத்தட்டும். உப்புத்தாளை எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள், தூசி பறக்காது. பின்னாளில் அவன் லேக்கருக்குப் போனால் ஆவியை வடிகட்டும் மாஸ்க் கட்டாயம், கொரோனா காலத்துத் துணி மாஸ்க் அதற்கு உதவாது. பிளேடு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கே: எல்லாம் ஒட்டி, பெயிண்டும் முடிந்தது. மேஜையில் வைத்தால் வாலில் உட்கார்ந்து மூக்கைத் தூக்குகிறது! — வாசகர், புதுச்சேரி

மூக்கில் எடை வைக்கச் சொல்லி கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்ததா என்று பாருங்கள். உடம்பை மூடுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. பரவாயில்லை, முன் சக்கரம் மடங்கும் குழிக்குள் சின்னதாக ஒரு துளை போட்டு, சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு பால்ஸை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி எபாக்ஸி பசை விட்டு, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்திக் காயவிடுங்கள். தூண்டில் ஈயக் குண்டும் போடலாம், ஆனால் அதை வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையோடு சேர்ந்தால் ஈயம் நாளடைவில் வெள்ளையாகப் பூத்து ஊதும், சில வருஷம் கழித்து மாடலின் மூக்கே வெடித்துத் திறந்துகொள்ளும். துளை போட மனம் வரவில்லை என்றால், ஒரு பலகையில் ஓடுதளம் மாதிரி சாம்பல் அடித்து மூன்று சக்கரத்தையும் அதில் ஒட்டிவிடுங்கள்.