தாத்தா வைத்திருந்த பழைய ரிவால்வர்: முத்திரையைப் படிக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: அண்மையில் காலமான தாத்தாவின் பீரோவில் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் இருந்தன. குழலில் கிரீடமும் அம்புக்குறியும் தெரிகின்றன. அவருடைய உரிமப் புத்தகமும் கிடைத்தது. பழம்பொருள் என்பதால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எப்படி அறிவது?

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45(சி) தரும் விலக்கைத்தான் பலர் 'பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். வழக்கொழிந்த வகையோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவைப் பாதுகாப்பாகப் படிக்கும் முறை. துணி சுற்றிப் பத்திரமாக இருந்த ரிவால்வர் அதற்குள் அடங்குவது கடினம்.

உரிமம் தாத்தாவுக்கு மட்டுமே உரியது. வீடு, நிலம் போல வாரிசுக்குத் தானாக வராது. பிரிவு 21-இன்படி, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் வைக்கலாம். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட ரகமென்றால் 7 முதல் 14 ஆண்டு. தோட்டாக்களுக்கும் உரிமம் வேண்டும். அவற்றையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.

ரிவால்வரைப் பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். குண்டு ஏற்றப்பட்டிருக்கலாம், வழியில் சோதனை நடந்தால் விளக்கம் சொல்வதும் சிரமம். எங்கே, எப்போது கிடைத்தது என்று கடிதம் எழுதி, இறப்புச் சான்று, உரிமப் புத்தகம் ஆகியவற்றின் நகலுடன் ஆய்வாளரிடம் கொடுத்து, வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ரசீதில் தயாரிப்பு, எண், போர் எனப்படும் குழல் விட்டம், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீது பின்னாளில் உதவாது.

முத்திரை விஷயத்துக்கு வருவோம். கையில் எடுக்காமல், கழற்றாமல், தெரிகிற பக்கத்தைப் படமெடுத்தால் போதும். மற்ற இடங்களை ஒப்படைக்கும்போது பார்க்கச் சொல்லலாம். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி சேர்ந்திருந்தால், ராணுவத்திலிருந்து முறையாக விற்கப்பட்டது என்று பொருள். உங்களுக்கு அது நல்ல சான்று. கிரீடத்தின் கீழ் 'என்.பி.' என்றிருந்தால் புகையற்ற வெடிமருந்தால் சுட்டுப் பார்த்துத் தேறியது என்பதற்கான பிரிட்டிஷ் சோதனை முத்திரை. முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை. ஆனால் சோதனை முத்திரை தயாரிப்பாளரைக் காட்டாது: பிரிட்டனில் விற்கப்பட்ட வெளிநாட்டுத் துப்பாக்கிகளிலும் பிரிட்டிஷ் முத்திரை விழுந்திருக்கும். கொல்கத்தா கடையின் பெயர் பொறித்திருந்தாலும், அது விற்றவர் பெயராக இருக்கலாம்.

அதிகம் குழம்புவது எண்ணில்தான். காப்புரிமை எண்ணைத் தொடர் எண் என்று உரிமத்தில் எழுதிவிடுவதுண்டு. குழல், உருளை, உடற்சட்டம் மூன்றிலும் திரும்ப வரும் எண்ணைத்தான் உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் நீங்களே திருத்தாமல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். துருவைப் போக்க உப்புத்தாள், அமிலம் எதுவும் வேண்டாம்: அடையாளம் அழிந்திருந்தால், வைத்திருப்பவரே அழித்தார் என்று பிரிவு 8 அனுமானிக்கிறது, மறுத்து நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்.

போர், அதாவது குழல் விட்டம், ஏன் முக்கியம்? .32 (அங்குலம்) என்றால் சாதாரண ரகம். மாவட்ட ஆட்சியரிடம், மாநகரமானால் காவல் ஆணையரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். விளிம்புள்ள .380, .455 தோட்டாக்களையோ ராணுவ 9 மி.மீ. தோட்டாவையோ சுடக்கூடியது தடைசெய்யப்பட்ட ரகம்; அதற்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான். அம்புக்குறி உள்ள பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்கள் பெரும்பாலும் .455 அல்லது .380 என்பதால் இதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஆயுத விதிகள் 2016, விதி 25 வாரிசுக்கு உரிமம் கோர வழி தருகிறது. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் தேவை. ஒரு சகோதரி கையெழுத்திட மறுத்தாலும் கோப்பு அங்கேயே நிற்கும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே உச்சவரம்பு, பரம்பரைத் துப்பாக்கியும் அதில் சேரும். உரிமம் வேண்டாமென்றால், ஒப்படைத்த பிறகு குறித்த காலத்துக்குள் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். காலம் கடந்தால் அரசுடைமையாகிவிடும்.