மந்தம் முடிந்தது என்கிறார்கள், வேலை எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேலை போனவர்களோ, வீட்டில் ஒருவருக்கு வேலை போய் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்களோ எழுதியவை. அதனால் பாடப்புத்தக விளக்கங்களைக் குறைத்துக்கொண்டு நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

கேள்வி: பொருளாதார மந்தநிலை முடிந்து ஓராண்டு ஆகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். என்னோடு வேலை இழந்த யாருக்கும் இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவர்கள் சொல்வது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அவர்கள் எண்ணுவது வேறு, நீங்கள் எண்ணுவது வேறு. மந்தம் முடிந்தது என்றால் உற்பத்தியும் விற்பனையும் விழுவது நின்று, மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் பொருள். கிணற்றின் அடியிலிருந்து ஒரு படி ஏறியாயிற்று, அவ்வளவுதான். மேலே வர இன்னும் எத்தனையோ படி இருக்கிறது.

அமெரிக்காவையே பாருங்கள். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டு உச்சத்துக்குப் போனது அதற்கு நான்கு மாதம் கழித்து, அக்டோபரில். மொத்த வேலைகளின் எண்ணிக்கை குறைவது நிற்க 2010 தொடக்கம் வரை ஆனது. மந்தத்துக்கு முன்பிருந்த எண்ணிக்கையை மறுபடி எட்டியதோ 2014 மே மாதத்தில். 2001 மந்தத்திலும் இதே கதைதான்: அந்த ஆண்டு நவம்பரில் முடிந்துவிட்டது, வேலையின்மை உச்சத்துக்குப் போனது 2003 ஜூனில்.

ஏன் இப்படி என்பதை ஒரு உதிரிபாகப் பட்டறை முதலாளியிடம் கேட்டுத்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது. இருபது பேர் வேலை செய்த இடம், மந்தத்தில் பதினொன்றாகச் சுருங்கியிருந்தது. ஆர்டர் திரும்ப வரத் தொடங்கியதும் அவர் முதலில் செய்தது, இருக்கிற பதினொரு பேருக்கும் ஓவர்டைம் கொடுத்தது. அதுவும் போதாமல் போனபோது இரண்டு பேரை மூன்று மாத கான்ட்ராக்டில் எடுத்தார். நிரந்தரமாக ஆள் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. "இந்த ஆர்டர் ஆறு மாதம் கழித்தும் இருக்குமா என்று யார் எனக்குச் சொல்வார்கள்? மறுபடி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதை என்னால் தாங்க முடியாது" என்றார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்துத்தான் முதல் நிரந்தர ஆளைச் சேர்த்தார். இப்படி லட்சக்கணக்கான முதலாளிகள் ஒரே நேரத்தில் தயங்குவதைத்தான் நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து பார்க்கிறீர்கள். அரசின் கொள்கை எதுவாக இருந்தாலும், அது அந்த மனிதரின் தயக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தால் போதும், அந்தக் கொள்கை வேலை தருமா தராதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: அப்படியானால் நிறுவனங்களுக்கு வரியைக் குறைத்தால் தயக்கம் போய்விடாதா?

ஓரளவுக்கு. ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. வரி குறைந்தால் முதலாளியின் கையில் பணம் மிஞ்சும், சரி; வாங்க ஆள் இல்லாத பொருளைச் செய்ய அவர் எதற்கு ஆள் எடுக்கப்போகிறார்? பழைய கடனை அடைப்பார், இல்லையென்றால் வங்கியில் போட்டு வைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

புதிதாக ஆள் சேர்த்தால் மட்டும் சலுகை என்று கட்டிப்போடுவது இதைவிட மேல். 2010-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. குறைந்தது 60 நாள் வேலையில்லாமல் இருந்தவரைச் சேர்த்தால், அவருடைய சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய 6.2 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி (ஓய்வூதியம் போன்றவற்றுக்கான வரி) அந்த ஆண்டு முடியும் வரை தள்ளுபடி. 52 வாரம் வைத்திருந்தால் 1000 டாலர் வரை கூடுதல் வரிச்சலுகை. யோசனை நல்லது. சிக்கல் என்னவென்றால், எப்படியும் ஆள் எடுக்கப்போகிறவரும் இதை வாங்கிக்கொள்வார், அதை முழுவதுமாகத் தடுப்பது கஷ்டம். அதனால் இதைத் தனியாக நம்பக் கூடாது, டிமாண்டைக் கிளப்பும் வேறு நடவடிக்கையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

எந்த வரியைக் குறைப்பது என்று என்னைக் கேட்டால், குறைந்த சம்பளக்காரரின் வரியைத்தான் சொல்வேன். அவர் கையில் வந்த பணம் அந்த மாதமே செலவாகிவிடும், இன்னொருவருக்கு வியாபாரமாகப் போய்ச் சேரும்.

கேள்வி: வருமானம் குறைந்தால் வீட்டில் செலவைச் சுருக்குகிறோம். அரசு மட்டும் கடன் வாங்கிச் செலவு செய்யலாமா? இது பொறுப்பற்ற செயல் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறார். அக்கறையோடு கேட்கிறார் என்று தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வீடு செலவைச் சுருக்கினால் அதன் வருமானம் குறையாது. ஊரே ஒரே நேரத்தில் சுருக்கினால் எல்லோருடைய வருமானமும் குறையும், ஏனென்றால் ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் சம்பளம். மந்தத்தில் குடும்பங்களும் நிறுவனங்களும் ஏற்கெனவே சுருக்கிக்கொண்டிருக்கும்போது அரசும் சேர்ந்து சுருக்கினால், அடுத்த வேலை யார் பணத்தில் உருவாகும்?

இதை வரலாறு பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 1933-க்குப் பிறகு அமெரிக்கா பெருமந்தத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட் பட்ஜெட்டைச் சமன் செய்ய நினைத்துச் செலவைக் குறைத்தார், சமூகப் பாதுகாப்பு வரி வசூலும் அதே ஆண்டில் தொடங்கியது, மத்திய வங்கியோ 1936-க்கும் 1937-க்கும் இடையில் வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இருப்பை இரண்டு மடங்காக்கியிருந்தது. மூன்றும் ஒன்றுசேர்ந்து அடித்த அடியில் பொருளாதாரம் மறுபடி விழுந்தது. ஏறத்தாழ 14 சதவீதமாக இறங்கியிருந்த வேலையின்மை 1938-இல் 19 சதவீதத்துக்கு ஏறியது. அந்த வசந்த காலத்தில் ரூஸ்வெல்ட் திரும்பவும் செலவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கிரேக்கம். 2010 முதல் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு சம்பளம், ஓய்வூதியம், அரசுச் செலவு என்று எல்லாவற்றையும் வெட்டினார்கள். 2008-இல் 8 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை 2013-இல் 27 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலையில்லை. அந்த நேரத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளான்ஷார், டேனியல் லீ என்பவரோடு சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். செலவு வெட்டினால் உற்பத்தி எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே போட்ட கணக்கு, நெருக்கடியின் தொடக்க ஆண்டுகளில் பாதிப்பைக் கணிசமாகக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்பதே அதன் சாரம். தவறை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்குப் பிழைக்குள் எத்தனை பேருடைய இருபதுகள் போய்விட்டன என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

கடனை அடைக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரேக்கத்துக்குச் சொந்த நாணயம் இல்லை, கடன் கொடுக்கவும் வேறு ஆள் இல்லை. கடன் வாங்கிச் செலவு செய்ய எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு இடம் கிடைக்காது. இடம் இருக்கிற நாடு மட்டும், ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி) நிமிர்ந்துவிட்டதே என்று அவசரப்படாமல், வேலைகள் திரும்பி வரும் வரை காத்திருந்து சுருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் அரசுகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் போதாதா?

உதவும், ஆனால் மெதுவாக. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கி, ஏழு ஆண்டு அங்கேயே வைத்திருந்தது. அப்படியும் வேலை திரும்ப எவ்வளவு காலமானது என்று மேலே பார்த்தோம். வீட்டுக் கடனில் மூழ்கியிருப்பவரிடம் இன்னும் மலிவாகக் கடன் தருகிறேன் என்றால் அவர் வாங்க மாட்டார்.

கேள்வி: வேலை போன பிறகு உதவுவதைவிட, போகாமலே தடுக்க அரசால் முடியாதா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2009-இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, அமெரிக்காவைவிட மோசம். ஆனால் அங்கே வேலையின்மை ஏறக்குறைய அசையவே இல்லை. 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்று ஒரு ஏற்பாடு அங்கே உண்டு, 'குறுகிய வேலை' என்று அர்த்தம். பத்துப் பேருக்கு ஐந்து பேர் வேலைதான் இருக்கிறது என்றால் ஐந்து பேரை அனுப்பாமல் பத்துப் பேரும் பாதி நேரம் வேலை செய்வார்கள்; இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, அரசுக் காப்பீடு கொடுக்கும். அந்த ஆண்டின் உச்சத்தில் 14 லட்சம் பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். 2020-இல் கோவிட் வந்தபோது இதே யோசனையை பிரிட்டனும் எடுத்துக்கொண்டது, சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2500 பவுண்டு வரை.

அந்தப் பட்டறை முதலாளியிடம் ஒரு டைரி இருந்தது. அனுப்பிவிட்ட ஒன்பது பேரின் தொலைபேசி எண்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார், நிலைமை சரியானதும் கூப்பிடலாம் என்று. கூப்பிட்டபோது நான்கு எண்கள் வேலை செய்யவில்லை, இரண்டு பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒரு புதியவருக்கு அந்த இயந்திரத்தில் கை பழக எட்டு மாதம் ஆனதாம். வேலை உறவு ஒருமுறை அறுந்தால் அதை மறுபடி முடிச்சுப் போட இவ்வளவு செலவு இருக்கிறது, அந்தச் செலவை மிச்சப்படுத்துவதுதான் இந்தத் திட்டங்களின் பெரிய லாபம்.

குறையும் உண்டு. எப்படியும் மூடப்போகிற தொழிலில் ஆட்களைக் கட்டி வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது, அதனால் கால வரம்பு அவசியம்.

கேள்வி: உதவித்தொகை கொடுத்தால் யாரும் வேலைக்கே போக மாட்டார்களே?

இதை எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். உதவித்தொகை தேடலைக் கொஞ்சம் நீட்டிக்கும், உண்மை. ஆனால் ஒரு காலியிடத்துக்கு ஐந்தாறு பேர் நிற்கும்போது ஒருவர் கொஞ்சம் தாமதித்தால் இன்னொருவர் அந்த இடத்தில் சேர்ந்துவிடுவார், மொத்த வேலை குறையாது. 2021 கோடையில் அமெரிக்காவின் மாநிலங்களில் ஏறக்குறைய பாதி, கோவிட்டுக்காகக் கொடுத்துவந்த கூடுதல் உதவித்தொகையை முன்கூட்டியே நிறுத்தின. உதவியை இழந்தவர்களில் சிறு பகுதியினர்தான் அதனால் உடனே வேலைக்குப் போனார்கள். மீதிப் பேர் செலவைக் குறைத்துக்கொண்டார்கள், அந்த இழப்பு கடைக்காரர்கள் தலையில் விழுந்தது.

கேள்வி: அரசு ஒரேயடியாக நிறையப் பணம் கொட்டினால்?

கொட்டியும் பார்த்தாயிற்று. கோவிட் நெருக்கடியில் அமெரிக்கா 2020 மார்ச்சில் சுமார் 2.2 லட்சம் கோடி டாலர், 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் என்று இறக்கியது. 2008-க்குப் பிறகு ஆறு ஆண்டுக்கு மேல் எடுத்த மீட்பு இந்த முறை இரண்டரை ஆண்டுக்குள் முடிந்தது. 2022 நடுவிலேயே பழைய எண்ணிக்கைக்கு வேலைகள் வந்துவிட்டன. அதே ஆண்டு ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். சரக்குத் தட்டுப்பாடும் உக்ரைன் போரும் இதில் பெரும் பங்கு வகித்தன, ஆனால் அளவுக்கு மீறிய பணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆறு ஆண்டு வேலையின்மையா, ஓரிரு ஆண்டு விலையேற்றமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஓய்வூதியத்தில் வாழ்பவர் வேறு மாதிரி சொல்வார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வேலை போய் 14 மாதம் ஆகிறது. நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. எந்தக் கொள்கையாவது என் போன்றவரைப் பார்க்கிறதா?

உங்கள் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், பதிலைக் கடைசியில் எழுதுகிறேன், மன்னியுங்கள். முதலில் ஒன்று: கூப்பிடாததற்கு உங்கள் தகுதி காரணமாக இருக்க வேண்டியதில்லை. அனுபவம், படிப்பு எல்லாம் ஒரே மாதிரி வைத்து, வேலையில்லாமல் இருந்த மாதங்களை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள்; சில சோதனைகளில் இடைவெளி நீண்டபோது அழைப்பு குறைந்தது. 2010-இல் அமெரிக்காவில் வேலையில்லாதவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேல் அப்படி இருந்தார்கள். அத்தனை பேரும் திடீரென்று திறமையை இழந்துவிட்டார்களா என்ன?

பொதுவான ஊக்கத் திட்டங்கள் உங்களை வந்தடையக் கடைசி வரை ஆகும், வரிசை அப்படித்தான் நகர்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கென்றே குறிவைத்த திட்டங்கள் மூன்று வகையில் இருக்கும்: நீண்ட நாள் வேலையில்லாதவரைச் சேர்க்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு மானியம், சம்பளத்தோடு பயிற்சி, அரசே நேரடியாகத் தரும் வேலை. இவற்றில் முதல் வகை இருக்கிறதா என்று உங்கள் பகுதி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். பல முதலாளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இருந்தால், விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே "என்னைச் சேர்த்தால் உங்களுக்கு இந்த மானியம் கிடைக்கும்" என்று எழுதி, அதன் படிவத்தையும் இணைத்து அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.